22 ஆண்டுகள் கொட்டகையில் நின்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: 66 வயதில் வீட்டிலேயே சரிசெய்ய எங்கிருந்து தொடங்குவது?

காவேரிக்கரை (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். நான் திருச்சியில் வசிக்கிறேன். மின்வாரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. என் தந்தையார் 1966இல் புதிதாக வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், அவர் காலமான நாள் முதல் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் 22 ஆண்டுகளாக நிற்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் இரண்டு முறை வந்து விலை பேசிவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகன், "கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்கிறான். எனக்கு மனம் வரவில்லை.

வண்டியின் நிலை இது. எஞ்சின் சுற்றவில்லை. நான்கு டயர்களும் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. பிரேக் பெடலை மிதித்தால் கால் தரை வரை போகிறது. எலிகள் ஒயர்களைக் கடித்திருக்கின்றன. பாடியில் கதவுகளுக்குக் கீழேதான் துரு அதிகம், மேல்தகடுகள் பரவாயில்லை.

என்னுடைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். இடது முழங்கால் தேய்ந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பத்துக் கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பது மருத்துவரின் கட்டளை. ஆனால் கை நடுக்கம் இல்லை, நாள் முழுவதும் நேரம் இருக்கிறது, தந்தையாரின் ஸ்பேனர் பெட்டியும் அப்படியே இருக்கிறது. முழு வண்டியையும் பிரித்து, சேசிஸ் என்னும் அடிச்சட்டத்திலிருந்து பாடியைத் தனியே இறக்கிச் செய்வதுதான் முறை என்று ஒருவர் சொன்னார். என் வயதில் அது நடக்குமா? எந்த வேலையை நானே செய்யலாம், எதைப் பட்டறைக்கு விட வேண்டும்? இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளுமா? ஆர்.சி. இன்னும் தந்தையார் பெயரிலேயே இருக்கிறது. அதற்கு வழி என்ன?

பீளமேடு லேத்

ஐயா, முதலில் அந்த ஸ்பேனர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஹெரால்டு, 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்த வண்டியின் சென்னைப் பதிப்பு. அதனால் நட்டும் போல்ட்டும் அங்குல அளவில் இருக்கும். 7/16, 1/2, 9/16 என்று எழுதிய ஸ்பேனர்கள் உங்கள் பெட்டியில் இருந்தால் அவைதான் உங்கள் சொத்து. அரை அங்குலத் தலைக்கு 13 எம்.எம். ஸ்பேனரைப் போட்டுத் திருகுபவர், துருப்பிடித்த போல்ட்டின் முனைகளை மழுக்கிவிட்டு, பிறகு உளியைத் தேடுவார். நான் முப்பது ஆண்டுகள் லேத்தில் நின்றவன். என்னிடம் வந்த உடைந்த போல்ட்டுகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

எஞ்சினைப் பற்றி அவசரப்பட வேண்டாம். 948 சி.சி., நான்கு சிலிண்டர், மிக எளிய எஞ்சின். நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு மூன்று ஸ்பூன் ஊற்றி, ஒரு வாரம் மறந்துவிடுங்கள். பிறகு நான்காவது கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கட்டும். இரண்டு விரற்கடை நகர்ந்தால் போதும், அதற்கு மேல் தானாக வழி விடும். நகரவில்லை என்றால் மேலும் ஒரு வாரம் ஊற விடுங்கள். செல்ஃப் மோட்டாரைக் கொண்டு பலவந்தமாகச் சுற்ற வைக்கக் கூடாது. பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தால் அங்கேயே முறியும்.

சுற்றத் தொடங்கியதும் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஆயிலை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணையும் வரை சுற்ற விடுங்கள். அதன் பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 10 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் 15 தவ், பிளக் 25 தவ். ஃபீலர் கேஜ் ஒன்றும் தலையில் மாட்டும் டார்ச் ஒன்றும் இருந்தால் இவ்வளவையும் நீங்களே செய்யலாம்.

பெரம்பூர் ஹெரால்டு

எனக்கு வயது 71. என்னிடமும் ஒரு ஹெரால்டு இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக நானே பார்த்துக்கொள்கிறேன். லேத் நண்பர் சொன்னது அனைத்தும் சரி, ஆனால் வரிசையில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. வண்டி ஓடுவதற்கு முன் அது நிற்குமா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சத்தம் கேட்டுவிட்டால் நம் மனம் பொறுக்காது. தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம் என்று தோன்றும். ஆகவே பிரேக்கில் தொடங்குங்கள்.

இந்த வண்டியில் பிரேக்குக்கு ஒரே ஒரு ஆயில் வழிதான். எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர் கிட், ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று ஒன்றைக்கூட விட்டுவைக்க வேண்டாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாக ஊற்ற வேண்டும். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது ட்ரன்னியன். ஹெரால்டு வைத்திருப்பவர் எவரும் இந்தச் சொல்லை மறக்கக் கூடாது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு ஊற்ற வேண்டியது 90ஆம் நம்பர் கியர் ஆயில். ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டால் கிரீஸை அடிப்பதுதான் வழக்கம். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் போகாமல் மேலேயே இறுகிவிடும். உள்ளே தண்ணீர் தங்கி இரும்பு அரிக்கும். ஒரு நாள் வண்டியை நிறுத்த ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். எனக்கு அது என் வீட்டு வாசலிலேயே நடந்தது. அதே நாள் காலையில் ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) போய்விட்டு வந்திருந்தேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கிரீஸ் கன் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, அதில் கியர் ஆயிலை நிரப்பி, பழைய கசடு வெளியேறிப் புது ஆயில் கசியும் வரை அடியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும். 22 ஆண்டுகள் நின்ற வண்டி என்பதால், ஒரு முறை தண்டைக் கழற்றி மரையைக் கண்ணால் பார்ப்பதே நல்லது.

பாடியை இறக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். தனிச் சேசிஸ், போல்ட்டில் நிற்கும் தகடுகள் என்பதால் இந்த வண்டியைப் பிரிப்பது மிகச் சுலபம். அதனாலேயே பலர் பிரித்துவிட்டுத் திகைக்கிறார்கள். என் நண்பர் ஒருவர் 64 வயதில் பிரித்தார். இன்று அவர் வீட்டு மாடியில் கதவுகள், வராந்தாவில் எஞ்சின், கட்டிலுக்கு அடியில் டேஷ்போர்டு. ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும் கழற்றுங்கள். அதை மாட்டிவிட்டுத்தான் அடுத்தது. கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம், போல்ட்டுகளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதன் மேல் சீட்டு.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நம் வயதுக்காகவே செய்தாற்போல அமைந்த வண்டி இது. பானட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். முன் டயரின் மேல் ஒரு கோணிப்பையைப் போட்டு உட்கார்ந்துகொண்டால், கார்புரேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் மடிக்கு எதிரே இருக்கும். அம்பாசிடர்க்காரர்களைப் போல இடுப்பை வளைத்து எஞ்சினுக்குள் தலைகீழாகத் தொங்க வேண்டியதில்லை. பெட்ரோல் டாங்க்கும் டிக்கிக்குள்ளேயே இருப்பதால் அதைக் கழற்ற வண்டிக்கு அடியில் போகத் தேவையில்லை.

பட்டறைக்கு விட வேண்டியவை: சேசிஸ் வெல்டிங், பின் சக்கர ஹப் (அதைக் கழற்ற வலுவான புல்லர் வேண்டும்), குறுக்குப் பட்டை ஸ்பிரிங், கியர்பாக்ஸ். கதவுக்குக் கீழே துரு என்கிறீர்கள். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை வெல்டர் ஒரு சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும்.

எஞ்சின் ஓடும் நிலைக்கு வந்ததும் ஒரு சோதனை. ஒருவர் கிளட்சை மிதிக்க, நீங்கள் முன்னால் உள்ள கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னால் நகர்ந்தால், கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் உள்ளே தடுத்து நிற்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் வாஷர் சம்ப்புக்குள் விழுந்து, கிராங்க் பிளாக்கையே அறுத்துவிடும்.

ஈரோடு பத்மினி

நான் பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறேன், தொழிலால் பிசியோதெரபிஸ்ட். ஐயாவின் உடல்நிலை குறித்து மட்டும் சில வார்த்தைகள். பேட்டரி, சக்கரம், டிரம், ஜாக்கி எதையும் நீங்கள் தூக்கக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு பையனைக் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவை உதிரிபாகச் செலவாகவே எண்ணுங்கள். இளகாத நட்டை முழு மூச்சையும் அடக்கிக்கொண்டு திருக வேண்டாம். ஸ்டென்ட் உள்ளவருக்கு அந்தத் திணறல் ஆகாது. முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு வைத்து, மறுநாள் நீளமான பிடி உள்ள ரென்ச்சால் திருப்புங்கள்.

ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போவதும், ஹாலோ பிளாக்கை அடுக்கி வண்டியை நிறுத்துவதும் வயது வேறுபாடின்றி எல்லாருக்கும் ஆபத்து. அந்தக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அடியில் போகாதீர்கள்.

பழைய ஆர்.சி.

காகித வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள். அது எஞ்சினை விட மெதுவாகச் சுற்றும். உரிமையாளர் காலமாகியிருந்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு, பிறகு ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. வண்டி ஆய்வுக்கு வரும்போது பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் இயங்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டுகள் செல்லுபடி. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம். கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போக விரும்பினால் சாதாரணப் புதுப்பித்தலே உங்களுக்குப் பொருந்தும்.

பீளமேடு லேத்

பெட்ரோல் கேள்விக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். எத்தனால் எஞ்சினை உடனே கெடுத்துவிடாது. பழைய ரப்பரைத்தான் கெடுக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். பெட்ரோல் ஹோஸ்களைக் கழற்றி எறிந்துவிட்டு, எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். எஞ்சினுக்குப் பெட்ரோல் இறைக்கும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் மாற்றுங்கள். டாங்க்கை நன்றாகக் கழுவி, வழியில் ஒரு கண்ணாடி ஃபில்டர் வைத்தால் துரு வருகிறதா என்று தெரிந்துவிடும். ஓட்டாத மாதங்களில் டாங்க்கில் பெட்ரோல் தேங்க விடாதீர்கள். சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் கிடைக்காத புஷ் எதுவானாலும் மாதிரியை அனுப்பினால் கோவையில் கடைந்துகொள்ளலாம்.

பிரேக் முதலில் என்று பெரம்பூர் ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். சிலிண்டரில் எண்ணெய் ஊறும் அந்த ஒரு வாரத்தில் டிரம்மைத் திறக்கலாம்.

காவேரிக்கரை

அனைவருக்கும் நன்றி. ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கூலிக்கு ஒரு பையனை வைத்துக்கொண்டேன். தூக்குவது எல்லாம் அவன்தான். பாடியை இறக்கவில்லை.

ட்ரன்னியனைக் கழற்றிப் பார்த்தோம். இடப்பக்கத்துக் கட்டையிலிருந்து கரும்பழுப்பு நிறத்தில், காய்ந்த புளியைப் போல இறுகிய கிரீஸ் வந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் கழுவியபோது, தண்டின் மரையில் கீழிருந்து மூன்றாவது சுற்றில் ஒரு பள்ளம். நகத்தை வைத்தால் நகம் நின்றது. வலப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. தந்தையாரின் காலத்தில் மாதம் தவறாமல் அந்த வண்டி ஒரே பட்டறைக்குத்தான் போனது. மாதம் தவறாமல் கிரீஸும் அடித்திருக்கிறார்கள் போலும்.

எஞ்சின் இரண்டாவது வாரத்தின் இறுதியில் அசைந்தது. ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கியபோது பின் சக்கரங்கள் இரண்டும் உட்புறமாக மடங்கி, வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. எதையோ முறித்துவிட்டோம் என்று பயந்துவிட்டேன். பள்ளம் விழுந்த அந்தத் தண்டை, மரையை மறுபடி வெட்டிப் பயன்படுத்தலாமா?

பெரம்பூர் ஹெரால்டு

பின் சக்கரத்துக்குப் பயப்பட வேண்டாம். ஹெரால்டின் பின் அச்சு அப்படித்தான். நான்கடி தள்ளினால் தானாக விரிந்து சரியாகிவிடும். ஆனால் அந்தத் தண்டை ஒருபோதும் வெட்டிப் போடாதீர்கள், வெல்டும் வைக்காதீர்கள். இங்கிலாந்தில் புதியது விற்கிறார்கள். இடமும் வலமும் வேறு வேறு. இடப்பக்கம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், வெண்கலக் கட்டையையும் சேர்த்தே வாங்குங்கள். அது வந்து சேரும் வரை வண்டி ஸ்டாண்டிலேயே இருக்கட்டும்.