கரண்ட் போய் வந்தால் மல்லாவிப் பெட்டி மட்டும் சேர்வரை நம்புதில்லை

தண்ணிமுறிப்பான்:
கிளிநொச்சியில மொஸ்கிற்றோ சேர்வர் (பெட்டிகள் அனுப்புற செய்தியை வாங்கிறது), போர்ட் 8883, சான்றிதழ் குடுக்கிறது எங்கட சொந்த சீஏ (சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடுற அதிகாரம்). மாங்குளம், புதுக்குடியிருப்பு, மல்லாவியில ஒவ்வொரு ராஸ்பெரி பை 4 சின்னக் கணினிப் பெட்டி, குளத்து நீர்மட்டம் அனுப்புது. ரெண்டு பக்கமும் சான்றிதழ் காட்டித்தான் இணையும். மே 30 சேர்வர் சான்றிதழைப் புதுப்பிச்சன், ஒரு கிழமை பிரச்சினையில்லை. நேற்று கரண்ட் போய் வந்தது. மற்ற ரெண்டும் மூண்டு நிமிசத்தில பிடிச்சிட்டுது. மல்லாவி மட்டும் ‘சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை’ எண்டு நிக்குது. இண்டைக்குப் புதுசா எடுத்துப் போட்டும் அதே பிழை. சரிபார்ப்பை நிப்பாட்டி விடட்டோ?

பாலைமரம்:
வேண்டாம். நிப்பாட்டினால் இடையில நிக்கிற எவனும் தான்தான் சேர்வர் எண்டு சொல்லலாம், பெட்டி தலையாட்டும். பெட்டியில இப்ப என்ன திகதி? எஸ்டி கார்ட்டை வாசிக்க மட்டும் எண்டு ஓவர்லே (எழுதிறது மெமரியில மட்டும் நிக்கும்) போட்டிருக்கோ?

தண்ணிமுறிப்பான்:
ஓம், கரண்ட் வெட்டில கார்ட் பழுதாகுது எண்டு போட்டது. திகதி மார்ச் 12 காட்டுது. ஓவர்லே போட்டதே அண்டைக்குத்தான்!

பாலைமரம்:
அதுதான் விசயம். பை 4இல பற்றரியோட மணிக்கூடு இல்லை. கடைசியாச் சேமிச்ச நேரத்தில இருந்துதான் எழும்பும். ஓவர்லேயால அந்தச் சேமிப்பு கார்ட்டில நிக்காது, ஒவ்வொரு முறையும் மார்ச் 12க்கே போகும். மார்ச்சில நிக்கிற பெட்டிக்கு மே 30 இன்னும் வரேல்லை. புதுச் சான்றிதழ் எடுத்தால் தொடக்கத் திகதி இன்னும் தள்ளித்தான் போகும். மற்ற ரெண்டும் என்ரீபீயால (நெற்றில சரியான நேரம் கேக்கிற முறை) நேரம் எடுத்துத் தப்பியிருக்கும். மல்லாவி றவுட்டரில வெளிய போற யூடீபீ 123 (என்ரீபீ போற போர்ட்) மறிச்சிருக்கோ எண்டு பாருங்கோ.

அதைத் திறந்தாலும் டீஎஸ்3231 (பற்றரியோட வாற மணிக்கூட்டு மொடியூல்) ஒண்டு பூட்டுங்கோ. பையின்ர பின் நம்பர் 1 (3.3 வோல்ற்), 3 தரவு, 5 கடிகாரத் துடிப்பு, 6 நிலம். 5 வோல்ற் குடுக்காதேங்கோ: மலிவு மொடியூல்களில சார்ஜ் சுற்று இருக்கு, சாதாரண சீஆர்2032 பற்றரியைச் சார்ஜ் பண்ணப் பார்க்கும், அது ஊதிப்போகும். ஓவர்லேயை எடுத்துவிட்டு ஐ2சீயை (மொடியூலோட பேசிற வயர் வழி) திறந்து தேடினால் மொடியூலின்ர முகவரி 68 தெரியவேணும். கொன்பிக் கோப்பில ஆர்ரீசீ (பற்றரி மணிக்கூடு) வரியைப் போட்டு றீபூட் பண்ணினால் 68 இருந்த இடத்தில ‘யூயூ’ வரும், கேர்னல் (இயங்குதளத்தின்ர கரு) பிடிச்சிட்டுது எண்டு அர்த்தம். கடைசி நேரத்தைச் சேமிக்கிற பேக்-எச்டபிள்யூகுளொக்கை அகற்றி, சரியான நேரத்தை எழுதி, ஓவர்லேயைத் திரும்பப் போடுங்கோ. பிறகு நெற்வேர்க் வயரைக் கழற்றி, பிளக்கையும் பிடுங்கிப் பத்து நிமிசம் விட்டு, பிளக்கை மட்டும் திரும்பப் போட்டு, திகதி பாருங்கோ.

செம்மண்:
தொடக்கத் திகதியை மார்ச் 12க்கு முந்தின நாளாப் போட்டுச் சான்றிதழ் எடுக்கலாம் எண்டும் சிலர் சொல்லுவினம். அது பிழைச் செய்தியைத்தான் மறைக்கும். மூண்டு மாதம் பின்னுக்கு நிக்கிற மணிக்கூடு, ஏப்ரலில காலாவதியான சான்றிதழையும் நல்லது எண்டு ஏற்கும். களவு போன பழைய சாவிக்கு அது திறந்த படலை.

இன்னொண்டு: இண்டைக்கு உடனயே புதுசு எடுத்தன் எண்டீங்கள், சீஏயின்ர தனிச்சாவி (கையெழுத்துப் போடுற இரகசியச் சாவி) சேர்வரிலயே கிடக்கோ?

தண்ணிமுறிப்பான்:
123 மறிச்சுத்தான் இருந்தது, திறந்தவுடன பெட்டி இணைஞ்சிட்டுது. டீஎஸ்3231 மூண்டு எடுக்கிறன். சாவி... ஓம், அங்கதான்.

செம்மண்:
சேர்வருக்குள்ள ஒருத்தன் பூந்தால் எந்தப் பெட்டியின்ர பேரிலயும் சான்றிதழ் அடிப்பான். பழைய சாவி இவ்வளவு நாளும் வெளியில இருந்ததால புதுச் சீஏ ஒண்டு நெற்றில்லாத கணினியில உருவாக்கி, சாவியைக் கடவுச்சொல்லோட யூஎஸ்பீயில வையுங்கோ. பெட்டிகளில முதல் பழைய சீஏ, புதுச் சீஏ ரெண்டையும் ஒரே கோப்பில போட்டு, பிறகு சேர்வர் சான்றிதழை மாத்துங்கோ. முறை மாறினால் மூண்டு ஊருக்கும் மோட்டார்சைக்கிளில ஓடவேணும்.