மொரியாசு தேடல் வரைபடம்: பழைய ஆண்டுகள் தரையோடு ஒட்டிக்கிடக்கின்றன

வணக்கம். ஜப்பான் கால்பந்துப் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசுவை இணையத்தில் எப்போதெல்லாம் அதிகம் தேடினார்கள் என்று வரைபடம் போடுகிறேன். (அவர் வீரராக ஆடிய 1993 தோஹா ஆட்டம் கூகுளுக்கு முந்தைய காலம், அதை விட்டுவிட்டேன்.)

கூகுள் ட்ரெண்ட்ஸில் (எடுக்கும் காலத்தின் உச்சத் தேடலை 100 என வைத்து மற்றதை அதோடு ஒப்பிட்டுக் காட்டும் கருவி) 2011 முதல் எடுத்தால் 2022 உலகக் கோப்பை மட்டும் மலையாக நிற்கிறது. ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்தியது, குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்றபின் ரசிகர்கள் முன் குனிந்து வணங்கியது, எல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குள். எனக்கு வேண்டியதோ ஹிரோஷிமா அணிக்கு 2012, 2013, 2015-இல் அவர் ஜப்பான் லீக் பட்டம் வென்றுதந்த மாதங்கள். அவை 1-க்கும் கீழே போய்விடுகின்றன.

ஜப்பானை மட்டும் தேர்ந்தெடுத்தேன். ஜப்பானிய எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடினேன். காலத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் அதனதன் உச்சமே 100 ஆகிவிடுகிறது, ஒட்டவைக்க முடியவில்லை. விக்கிப்பீடியாவின் இப்போதைய பார்வைக் கணக்குக் கருவியில் தரவு 2015 ஜூலையில்தான் தொடங்குகிறது, முதல் இரண்டு பட்டங்களுக்கு உதவாது. லேப்டாப், குரோம், எக்செல். நிரல் எழுதத் தெரியாது.

தனித்தனியாக எடுத்த ட்ரெண்ட்ஸ் துண்டுகளை எக்செல்லிலேயே ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது எப்படி?