அலைக்கற்றை ஏலத்தில் கோடிகள் குவிந்தும் மலையூருக்குச் சிக்னல் வராதது ஏன்?

கேள்வி (பென்னாகரம் வட்டம்):
2022ஆம் ஆண்டு ஏலத்தில் நிறுவனங்கள் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை வாங்கின. ஆனால் எங்கள் மலையூரில் ஓடிபி வருவதற்காக என் அம்மா கேழ்வரகுக் கொல்லையின் ஓரத்துப் பாறைமீது ஏறி, கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்கிறார். வாங்கிய அலைக்கற்றை எங்கே போகிறது?

பதில் (கிருஷ்ணகிரி):
ஐயா, அலைக்கற்றை மாவட்டவாரியாக விற்கப்படுவதில்லை. நாடு 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; சென்னையும் தருமபுரியும் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்தில் அடங்கும். ஏலத்தில், இருப்பைவிடக் கேட்பு மிகுந்திருக்கும்வரை சுற்றுக்குச் சுற்று விலை ஏறும். 2010ஆம் ஆண்டின் 3ஜி ஏலம் 34 நாட்களில் 183 சுற்றுகள் நடந்து, 67,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. அவ்வளவு கொடுத்த நிறுவனம், வருமானம் விரைவில் திரும்பும் நகரத்தில்தான் முதலில் கோபுரம் நடும்.

பதில் (ஓசூர்):
அலைவரிசையையும் பார்க்க வேண்டும். 3300 மெகாஹெர்ட்ஸ் அதிகத் தரவைச் சுமந்தாலும் நெடுந்தூரம் எட்டாது; மலைப்பகுதிக்கு ஏற்றது, குறைந்த கோபுரங்களிலேயே பரந்து செல்லும் 700 மெகாஹெர்ட்ஸ்தான். அடிப்படை விலை மிகுதியாக இருந்ததால் 2016, 2021 ஏலங்களில் அதை எவரும் வாங்கவில்லை. 2022இல் ஜியோ மட்டுமே வாங்கியது. விற்காமல் கிடந்த அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கோபுரம் கேட்டு ஊர் சார்பில் எழுதும் மனுவில் 700 மெகாஹெர்ட்ஸையும் குறிப்பிடுகிறேன்.