புதுப்பிப்பு: 10 மெகாபிட் வரம்பு 9.56 எனத் தெரிவதன் காரணம்

லினக்ஸில் பிணையப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிசி (tc) கருவியால் வினாடிக்கு 10 மெகாபிட் வேக வரம்பு விதித்த பிறகு, பிணைய வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 (iperf3) ஏன் 9.56 மெகாபிட் மட்டும் காட்டுகிறது என்று இந்த இழையின் தொடக்கத்தில் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: இரு கருவிகளும் எண்ணும் பைட்டுகள் வேறு.

முழு அளவுள்ள ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுப் பொட்டலம்) டிசி, அதன் முன்னால் ஒட்டப்படும் ஈதர்நெட் தலைப்புடன் (header) சேர்த்து 1514 பைட்டுகளாகக் கணக்கிடுகிறது; தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறைகளான ஐபி, டிசிபி ஆகியவற்றின் தலைப்புகளும் நேரமுத்திரையும் போக எஞ்சும் 1448 பைட் தரவை மட்டுமே ஐபெர்ஃப்3 எண்ணுவதால், அந்த விகிதத்தில் 10 மெகாபிட் 9.56 ஆகிறது. ஆக, வரம்பு துல்லியமாகவே இயங்குகிறது.

குறுகிய சோதனைகளில் வேகம் வரம்பைத் தாண்டியதற்குக் காரணம் டோக்கன் வாளி, அதாவது பயன்படுத்தாத அனுப்பும் உரிமையை ஓரளவு சேமித்து வைத்து, பிறகு ஒரே மூச்சில் செலவழிக்க விடும் டிசியின் ஏற்பாடு. வாளியின் கொள்ளளவு 1 மெகாபைட் என்றால், அது நிரம்பியிருக்கும் நிலையில் தொடங்கும் ஒரு வினாடிச் சோதனையில் 18 மெகாபிட் வரை கடந்துசெல்லலாம். அதையே 60 வினாடிகள் ஓடவிட்டால் டிசியின் கணக்கில் சராசரி வினாடிக்கு ஏறத்தாழ 10.13 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். (சில வினாடிச் சோதனையை நம்பி வரம்பைத் திருத்துவது வீண் வேலை என்பது என் கருத்து.) வாளியை மிகவும் சுருக்கினாலும் சிக்கல்தான், ஏனெனில் விதித்த வேகத்தையே எட்ட முடியாமல் போகும்.

உள்வரும் திசையில் மிகுதிப் பாக்கெட்டுகளை வெறுமனே கைவிடும் முறையில் டிசிபி அந்த இழப்பைக் கண்டு அடிக்கடி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வேகம் வரம்புக்கு வெகுவாகக் கீழே போனது. உள்வரவை ஐஎஃப்பி (IFB) என்னும் மெய்நிகர் இடைமுகத்துக்குத் திருப்பி, அங்கே வரிசையில் நிறுத்தி அனுப்பியபோது அந்தச் சரிவு நீங்கியது.