பெட்டிக்குள் வைத்ததும் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, மூலைகளும் ஆடுகின்றன

கேள்வி:
வணக்கம். அப்பாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது. இரவில் விழிப்பு வந்தால் படுத்தபடியே மணி தெரியட்டும் என்று பெரிய எண்கள் உள்ள எல்.இ.டி. கடிகாரம் ஒன்று செய்கிறேன். நேரத்துக்கு டிஎஸ்1307 சிப். பெட்டியை நானே வரைந்து, 3 மி.மீ. பிளைவுட்டில் லேசர் கட்டிங் செய்து வாங்கினேன். மூலைகளில் பல்லும் பள்ளமுமாகக் கோக்கும் இணைப்பு, இரண்டுமே 10 மி.மீ. அகலம். படத்தில் கச்சிதமாக இருந்தது, கோத்துப் பார்த்தால் லொடலொடவென்று ஆடுகிறது.

இன்னொன்றுதான் எனக்குப் புரியவே இல்லை. மேசைமேல் திறந்து கிடந்தவரை நேரம் சரியாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் வைத்து மூடியபிறகு வாரத்துக்கு எட்டு, ஒன்பது விநாடி பின்தங்குகிறது. புரோகிராமில் கைவைக்கவே இல்லை. பெட்டிக்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில் 1:
ஆட்டத்துக்குக் காரணம் கெர்ஃப், அதாவது லேசர் வெட்டும் கோட்டின் அகலம். லேசர் போகிற வழியில் கொஞ்சம் மரத்தை எரித்துவிடும், உங்கள் பலகைக்கு 0.2 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் இரு பக்கமும் பாதிப்பாதி போகும். பல் 9.8 ஆகிவிட்டது, பள்ளம் 10.2 ஆகிவிட்டது. இடைவெளி 0.4. ஆடாமல் என்ன செய்யும்?

அடுத்த முறை படத்தின் வெளிக்கோட்டைக் கெர்ஃபில் பாதி அளவு வெளியே தள்ளுங்கள், உள்ளே இருக்கிற ஓட்டைகளை அதே அளவு சுருக்குங்கள். 0.2 என்ற என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே பலகையில் 20 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டி வெர்னியரில் அளந்தால், குறைகிற அளவுதான் உங்கள் கெர்ஃப். பலகையின் தடிமனையும் அளந்துவிடுங்கள். 3 மி.மீ. என்று விற்பது பல நேரம் 3 இருக்காது.

இப்போதைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். மரப்பசையில் மெல்லிய மரத்தூளைக் குழைத்து இடுக்குகளில் அடைத்து, டேப் சுற்றி ஓர் இரவு விடுங்கள். நன்றாகவே நிற்கும். முகப்பு அக்ரிலிக் என்றால் அதன் பக்கத்தில் சூப்பர் குளூ மட்டும் வேண்டாம், அந்த ஆவி படிந்து வெள்ளையாகப் பனி பூத்துவிடும். ஸ்பிரிட்டால் துடைத்தாலோ, லேசர் வெட்டிய விளிம்பில் மயிரிழை விரிசல்கள் ஓடும். எனக்கு ஒரு முகப்பு அப்படித்தான் போனது.

பதில் 2:
நேரம் பிசகுவது சூட்டினால். டிஎஸ்1307-க்கு வெளியே ஒரு சின்ன கிரிஸ்டல் இருக்கிறதல்லவா, அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். 25 டிகிரியை ஒட்டித்தான் அதற்கு முழு வேகம். சூடு ஏறினாலும் குறைந்தாலும் மெதுவாகத்தான் போகும். 20 டிகிரி விலகினால் நாளுக்கு ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாக இழக்கும். உங்கள் கணக்கும் அங்கேதான் வருகிறது. மூடிய பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்களேன்.

அதற்குப் பதிலாக டிஎஸ்3231 சிப் போட்டால் வெப்பத்தை அதுவே அளந்து திருத்திக்கொள்ளும், கிரிஸ்டலும் உள்ளேயே இருக்கிறது. அப்புறம், பின்பலகையில் மேலும் கீழும் காற்றுத் துளைகள் வையுங்கள்.

கேட்டவர்:
இரண்டு மணி நேரம் மூடி வைத்து அளந்தேன், 44 டிகிரி! மின்னழுத்தத்தைச் சீராக்கும்போது சூடாகிற ரெகுலேட்டருக்கு நேர் மேலே கிரிஸ்டலை வைத்திருக்கிறேன். சதுரமும் வெட்டிப் பார்த்தேன், 19.82 வந்தது. படத்தை 0.09 தள்ளி, பின்பலகையில் துளைகளும் வரைந்துவிட்டேன். டிஎஸ்3231 வந்ததும் மாற்றுகிறேன். அதுவரை பழைய பெட்டியே மரத்தூள் பசையோடு அப்பா அறையில் இருக்கட்டும். எண்கள் நன்றாகத் தெரிகின்றன என்றார்.