அடிச்சுவரில உப்புப் பூத்து பெயின்ற் உரியுது: புது வீட்டுக்கு அத்திவாரத்திலேயே என்ன செய்யலாம்?

வாவிக்கரையான்:

களுவாஞ்சிகுடிப் பக்கம், மெயின் றோட்டுக்கும் வாவிக்கும் நடுவில வளவு. முழுக்க மணல். கிணத்துத் தண்ணி ஆவணியில 7 அடி ஆழத்தில நிக்கும், மார்கழியில 2 அடிக்கு வந்திரும். கொஞ்சம் உவர். அதே வளவில உள்ள பழைய வீட்டில தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்குப் பெயின்ற் சுருண்டு உரியுது. சுரண்டினா உள்ள இருந்து வெள்ளை மாவு மாதிரிக் கொட்டுது. மூணு தடவை பற்றி (பெயின்ற்றுக்கு முதல் சுவரை மட்டமாக்கப் பூசுற பசை) வச்சுப் பெயின்ற் அடிச்சாச்சு, ஒவ்வொரு மாரி முடியவும் அதே இடம், அதே உயரம்.

இப்ப பக்கத்திலேயே 1100 சதுர அடியில புது வீடு. மூணு அறை, ஹோல், குசினி, முன் விறாந்தை. கருங்கல் அத்திவாரம், அதுக்கு மேல கொங்கிறீட் பீம், பிறகு ஆறங்குலச் சீமெந்துக் கல்லு. பீம் இருக்கிறதால டிபிசி (நிலத்து ஈரம் சுவரில ஏறாம அடியில போடுற தடுப்புப் படை) தேவையில்ல, பூச்சில வோட்டர்புரூப் மருந்து கலந்தா காணும், மிஞ்சிப் போனா அடியில மூணடிக்கு ரைல்ஸ் ஒட்டலாம் எண்டு மேசன் சொல்றார். சரியா? தரை எவ்வளவு உயரணும்? கிணத்துத் தண்ணியில கலவை போடலாமா?

மட்டப்பலகை:

சரியில்லை. பீம் ஈரத்தைத் தடுக்காது, உயரத்தைத்தான் கொஞ்சம் குறைக்கும். கொங்கிறீட்டுக்கும் கல்லுக்கும் உள்ளே மயிரிழை போன்ற துளைகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நிலத்துத் தண்ணீர் அதற்குள் ஏறும். ஏறும் வேகமும் காய்கிற வேகமும் எங்கே சமனாகிறதோ அந்த உயரத்தில் நின்றுவிடும். உங்கள் பழைய வீட்டில் அது இரண்டரை அடி. தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த உப்பு போகாது. பெயின்ற்றுக்குப் பின்னால் பளிங்காகித் திரண்டு பெயின்ற்றைத் தள்ளும். மாவு மாதிரிக் கொட்டுவது அந்த உப்புத்தான். எனவே மூன்று தடவை அடித்த பெயின்ற்றில் குற்றமில்லை.

டிபிசி பீமின் மேல்முகத்தில், முதல் வரிக் கல் வைப்பதற்கு முன். 1 பங்கு சீமெந்து, 2 பங்கு மணல், முக்கால் அங்குலத் தடிப்பு, சுவரின் முழு அகலத்துக்கும். மூன்று நாளாவது நனைத்து, பிறகு நன்றாகக் காயவிட்டு, தூசியைத் துடைப்பத்தால் அடித்துவிட்டுச் சூடான தார் இரண்டு பூச்சு. முதல் பூச்சு இறுகிய பிறகுதான் இரண்டாவது. இரண்டாவது சூடாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவுங்கள், இல்லாவிட்டால் மேலே வைக்கும் சாந்து தாரில் பிடிக்காது. ஈரத்தின் மேல் தார் பூசினால் கொப்பளித்துத் தோலாகக் கழன்றுவிடும். இங்கே அதிகம் நடக்கிற பிழை அதுதான்.

உங்கள் வீட்டுக்குச் சுவர் நீளம் உள்ளும் வெளியும் சேர்த்து 180 அடி என்று வைத்தால், கலவைக்கு 2 மூடை சீமெந்து, 5 கன அடி மணல், தார் 15 கிலோ அளவில். சிந்துவதற்கும் சேர்த்து இரண்டரை மூடை எடுங்கள். முழு வீட்டுச் செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது. பிறகு சுவரை அறுத்து வைக்க முடியாத ஒன்று இதுதான் என்பதால் இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது புத்தியில்லை.

தூண்களில் கவனம். தூணின் கொங்கிறீட் கீழிருந்து மேலே ஒரே ஓட்டமாகப் போவதால் அந்த இடத்தில் டிபிசி அறுந்துவிடும். அத்திவாரத்துக்குள் நிற்கும் தூண்பகுதியை 1:1½:3 (சீமெந்து, மணல், சல்லி) கலவையில் நன்றாகக் குத்தி இறுக்கி, மண் மூடுமுன் நான்கு பக்கமும் தார் பூசுங்கள்.

உயரத்துக்கு ஒரே கணக்குக் கிடையாது. டிபிசி, முடித்த வளவு மட்டத்திலிருந்து 6 அங்குலமாவது மேலே நிற்க வேண்டும், அது ஈரத்துக்காக. வெள்ளத்துக்கு வேறு கணக்கு. 2011 சனவரி வெள்ளம் அக்கம்பக்கத்துச் சுவரில் எதுவரை ஏறியது என்று அயலவரிடம் கேட்டு, அந்த அடையாளத்துக்கு ஓரடி மேலே தரையை வையுங்கள். முன்னால் உள்ள றோட்டையும் பாருங்கள்: காப்பெற் போடப் போட அது உயரும், வளவு பள்ளமாகும்.

கரண்டிக்காரன்:

தண்ணிக் கேள்விக்கு ஆரும் பதில் சொல்லல்ல, நான் சொல்றன். அந்தக் கிணத்துத் தண்ணியக் கம்பி உள்ள கொங்கிறீட்டுக்குத் தொடாதீங்க. இந்தியாட ஐஎஸ் 456 தரத்தில, கம்பிக் கொங்கிறீட்டுக்குக் கலக்கிற தண்ணியில குளோரைட் லீற்றருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கப்படாது. நாக்குக்கு உப்பு விளங்கத் தொடங்கிறதே 250 அளவிலதான். அதனால வாயில வச்சு உவர் தெரிஞ்சா, பரிசோதிக்காம நம்பவே கூடாது. உன்னிச்சைக் குளத்துக் குழாய்த்தண்ணி வளவுக்கு வந்திருந்தா அதையே பீம், லின்ரல் (கதவு, யன்னலுக்கு மேல வாற கொங்கிறீட்), தூண், கொங்கிறீட் தட்டு எல்லாத்துக்கும் எடுங்க. இல்லாட்டி பவுசரில இறக்குங்க. நனைக்கிறதுக்கும் அந்தத் தண்ணிதான். உவர்த்தண்ணிய ஏழு நாள் ஊத்தினா உப்ப நாமளே சுவருக்கு ஊட்டினதாகும்.

மணலும் அப்படித்தான். கடற்கரை மணல் மலிவு எண்டு ராவோட ராவா இறக்கிட்டுப் போவானுகள். கையில எடுத்துப் பாருங்க, சிப்பித்துண்டு மினுங்கும், உலர்ந்த பிறகும் பிசுபிசுக்கும். ஆத்துமணல் எண்டா லொறிக்காரரிட்ட புவிச்சரிதவியல் பணியகத்துப் பேமிற்றக் கேளுங்க. பேமிற் இருந்தா மணல் எங்கால வந்தது எண்டும் விளங்கும்.

கல்லு வாங்கேக்குள்ள ஒரு கேள்வி கேளுங்க: "ஒரு மூடையில எத்தினை ஆறங்குலக் கல்லு அறுக்கிறீங்க?" 1:6 கலவையில ஓட்டையில்லாத கல்லு எண்டா 15, 17 தான் வரும். 30 எண்டு பெருமையாச் சொன்னா அது 1:12 பக்கம் போன கல்லு. அது ஈரத்தக் குடிக்கும், ஆணி அடிச்சாப் பொலபொலக்கும். திறப்பால கீறிப் பாருங்க, கோடுதான் விழணும், பள்ளம் விழப்படாது.

கம்பிக்கும் பலகைக்கும் நடுவில இடைவெளி விடணும், பீமுக்கும் தூணுக்கும் 40 மில்லிமீற்றர், மண்ணோட முட்டுற இடத்தில 50. அதுக்குக் கவர் கட்டைய முதல் கிழமையே 1:2 கலவையில வார்த்து, கட்டுக்கம்பி செருகித் தண்ணிக்குள்ள போட்டு வைங்க. கொங்கிறீட் போடுற அண்டைக்கு உடைஞ்ச கல்லுத்துண்ட முட்டுக் குடுக்கிறதப் பாத்தா வேலைய நிப்பாட்டுங்க. கடல்காத்துப் படுற ஊரில லின்ரலுக்கு அடியில நேர்கோடா வெடிப்பு வாறது இதாலதான்: கம்பி துருப்பிடிச்சா வீங்கும், வீங்கினா கொங்கிறீட்டப் பிளக்கும்.

பிறகு கச்சான் காத்து. வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் அந்தக் காத்தில காலையில பூசின சுவர் மத்தியானம் வெளிறிப் போகும். காஞ்சிட்டு எண்டு சந்தோசப்படாதீங்க, இறுகல்ல, வத்திட்டு. வலை மாதிரி வெடிக்கும். வெயில் படாத பக்கமாப் பாத்துப் பூசி, நனைச்ச சாக்கு தொங்கவிடுங்க. அதுக்காக மாரியில அத்திவாரம் வெட்டாதீங்க, மணல் சரிஞ்சு கானுக்குள்ள வரும். தண்ணி இறங்கி நிக்கிற ஆவணி, புரட்டாதிதான் வெட்டுக்கு நல்லம்.

வாவிக்கரையான்:

நன்றி அண்ணே, ரெண்டு பேருக்கும். ரைல்ஸ் விசயம்? மேசன் அதில பிடிவாதமா நிக்கிறார். "சுவர் தெரிஞ்சாத்தானே உரியிறது தெரியும்" எண்டு ஒரு பகிடி வேற.

நீலக்கோடு:

பகிடி நல்லாத்தான் இருக்கு, ஆனா தண்ணி அதுக்குச் சிரிக்காது. ரைல்ஸ் ஒட்டினால் அந்த மூன்றடிக்குச் சுவர் மூச்சு விட இடமில்லை. முன்னே இரண்டரை அடியில் ஆவியான தண்ணீர் இனி ரைல்ஸுக்குப் பின்னால் ஏறி நாலடியில் வெளிவரும். ரைல்ஸும் கொஞ்ச நாளில் தட்டினால் பொள்ளென்று சத்தம் போடும். பழைய கட்டடங்களில் அடிச்சுவருக்கு எனாமல் அடித்து, அதன் மேல்விளிம்புக்குச் சற்று மேலே ஒரு கறைவரி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை. வோட்டர்புரூப் பூச்சும் அதே வேலையைத்தான் செய்யும். அது குளியலறைக்கு, நிலத்திலிருந்து ஏறும் ஈரத்துக்கு அல்ல. டிபிசி ஒழுங்காக இருந்தால் அழகுக்கு எத்தனை அடி வேண்டுமானாலும் ரைல்ஸ் ஒட்டுங்கள்.

டிபிசி போட்டும் ஈரம் ஏறுகிற வீடுகள் உண்டு. காரணம் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள். முதலாவது வெளிப்பூச்சு. மேலிருந்து நிலம்வரை ஒரே இழுப்பாகப் பூசினால் ஈரம் பூச்சு வழியாகவே டிபிசியைத் தாண்டிவிடும். டிபிசி மட்டத்தில் அரை அங்குல அகலத்துக்குச் சுற்றிவரப் பூச்சை அறுத்து விடுங்கள், கரண்டி முனையால் பச்சையாக இருக்கும்போதே கோடு இழுத்தால் போதும், தாரின் கறுப்பு தெரிய வேண்டும். இரண்டாவது பூமரத்துக்கு என்று சுவரோடு மண் குவிப்பது. மூன்றாவது தரை.

தரைக்கு: உள்ளே மணலை 6 முதல் 9 அங்குலமாகப் பரப்பிப் பரப்பி, தண்ணீர் விட்டு இறுக்குங்கள். ஒரே தடவையில் கொட்டி நிரப்பினால் ஒரு மாரிக்குப் பிறகு தரை இறங்கி, சுவரோரம் இடைவெளி விழும். மேலே கல் துருத்தாமல் மெல்லிய மணல் விரித்து 1000 கேஜ் தடிப்புப் பொலித்தீன். ஒட்டுகளில் 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ஓரங்களைச் சுவரோரமாக மடித்து உயர்த்தி டிபிசியோடு சேர்க்க வேண்டும், பொலித்தீன் விரிக்கும் பலர் இதைச் செய்வதில்லை. உங்கள் வீட்டுக்கு 1250 சதுர அடி அளவு வாங்குங்கள். அதற்கு மேல் 3 அங்குலம் 1:3:6 கொங்கிறீட். வேலையாட்கள் செருப்போடு, சில்லு வண்டியோடு பொலித்தீன் மேல் ஓடினால் கிழியும், பலகை போட்டு அதில் ஓடச் சொல்லுங்கள்.

பூச்சுக்கு வெறும் சீமெந்தைவிட 1:1:5, அதாவது சீமெந்து, சுண்ணாம்பு, மணல், 5/8 அங்குலத் தடிப்பு. சுண்ணாம்பு சேர்ந்தால் வெடிப்பும் குறையும், சுவரும் காயும். பெயின்ற்றுக்கு நாலு கிழமை பொறுங்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் பற்றியைத் திறக்கவே வேண்டாம்.

வாவிக்கரையான்:

பழைய வீட்டையும் இடிக்கல்ல, அம்மா அதிலதான் இருக்கிறா. அதுக்கு ஏதும் வழி? இன்னொண்டு, விறாந்தையும் படியும் அடுத்த வருசம் காசு வரக் கட்டலாம் எண்டு யோசனை.

மட்டப்பலகை:

பழைய வீட்டுக்கு முழுச் சுகம் கிடையாது, ஆனால் இப்போதிருக்கும் நிலையைவிட நன்றாக்கலாம். ஈரக்கோட்டுக்கு ஓரடி மேலேவரை பூச்சைக் கல் தெரியக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவ வேண்டாம். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். ஒரு கோடை முழுக்கத் திறந்தபடி கிடக்கட்டும். பிறகு சுண்ணாம்புக் கலவைப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை அல்லது மினுக்கமில்லாத இமல்சன். உப்பு இன்னும் வரும், ஆனால் தூசாக உதிரும், தோலாக உரியாது. வருடத்துக்கு ஒருமுறை கூட்டிவிட்டு வெள்ளையடிக்கலாம்.

சுவரில் துளையிட்டு மருந்து ஏற்றும் முறையும் உண்டு. தரையிலிருந்து 6 அங்குலத்தில், கல்லுக்கு நடுவிலுள்ள சாந்து வரியில், 12 மில்லிமீற்றர்த் துளை, 4 முதல் 5 அங்குலத்துக்கு ஒன்று.

கரண்டிக்காரன்:

அந்த ஊசி வேலைக்குக் காசக் கொட்ட முந்தி ஒரு துளை போட்டுப் பாருங்க. கல்லுக்குள்ள ஓட்டை இருந்தா மருந்து அதுக்குள்ள போய் விழும், சுவருக்குப் பிடிக்காது. நல்ல திடமான கல்லா இருந்தா மட்டும் யோசிங்க. அதுக்கு முதல் வெளியில பாருங்க: கூரைத்தண்ணி சுவரடியில விழுதா? பீலி போட்டுத் தள்ளி விட்டு, சுத்திவர 2 அடி அகலத்துக்கு ஒரு அங்குலம் வெளிச்சாய்வோட கொங்கிறீட் போட்டாலே பாதி ஈரம் குறையிற வீடுகள் இருக்கு.

நீலக்கோடு:

விறாந்தையைப் பிறகு கட்டுவதில் பிழையில்லை, ஆனால் அதன் அத்திவாரத்தையும் டிபிசியையும் இப்போதே வீட்டோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் மண் நிரப்பி விறாந்தைத் தரை போடும்போது அந்த மண் ஹோல் சுவரில் டிபிசிக்கு மேலே முட்டினால் இவ்வளவும் வீண். விறாந்தைத் தரை ஹோல் தரையைவிட 4 அங்குலம் கீழே நிற்கட்டும். படி வார்க்கும்போது சுவரோடு ஒட்டி வார்க்காமல், நடுவில் தார் பூசி ஒரு பொலித்தீன் மடிப்பு வைத்து வாருங்கள். படியும் அப்போது தன்பாட்டில் இறங்கும், சுவரை வெடிக்கவைக்காது.

வாவிக்கரையான்:

அப்ப விறாந்தை அத்திவாரமும் இந்த ஆவணியிலேயே. தார் வேலைக்கு நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன்.

கரண்டிக்காரன்:

நில்லு மனே. காலையில பனி காஞ்ச பிறகு, ஒம்பது மணிக்கு மேல தொடங்கச் சொல்லு.