பெல்லட்டைத் துப்பும் அரவானா: மலையில் வளர்ப்பவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்

குன்னூரிலிருந்து

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழேகாலுக்கு எங்கள் வீட்டு அரவானா மீன் பெல்லட்டை, அதாவது கடையில் விற்கும் உலர்ந்த குச்சித் தீவனத்தை, விழுங்கிவிட்டது. இதற்கு நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் முழுக்க முழுக்க என் தப்பு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மீன் சில்வர் அரவானா, அமேசான் பக்கத்து ஜாதி. புது வீடு கட்டியபோது மாமனார் சென்னைக் கொளத்தூரிலிருந்து வாங்கி வந்தார். வாஸ்துவுக்கு நல்லதாம். ஐந்து அங்குலக் குட்டியாகத் தெர்மோகோல் பெட்டிக்குள் பர்லியாறு மலைப்பாதை ஏறி வந்தது இப்போது பதினான்கு அங்குலம். தொட்டி ஐந்தடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, ஏறக்குறைய 500 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

முதல் ஒரு வருஷம் உயிர்மீனும் இறாலும்தான். தங்கமீன் குஞ்சுகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மீனில் இருக்கும் தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், அதையே தின்று வளரும் மீனுக்கு நாளடைவில் கேடு என்று தெரிந்ததும் நிறுத்தினேன். இறாலோ கீழேயிருந்து ஐஸில் வருவது. மழையில் பாதை அடைத்தால் இரண்டு நாள் வராது, வந்தாலும் விலை நாக்கைத் தள்ளும். சரி, பெல்லட்டுக்குப் பழக்கிவிடலாம் என்று ஐப்பசியில் ஆரம்பித்தேன். மலையில் இருப்பவன் ஐப்பசியில் ஆரம்பித்தது முதல் முட்டாள்தனம்.

இவன் துப்புகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். குச்சி பெல்லட் மிதந்து வரும். கீழே வந்து நிற்பான். தாடையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மீசையும் அதைத் தொடுகிற தூரம். லாரியின் பின்கதவு மாதிரி வாய் திறக்கும், பெல்லட் உள்ளே போகும், இரண்டு மெல்லு. பிறகு அதே குச்சி அரை அடி தள்ளி வந்து விழும். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்ப மாட்டான். இறால் வயிற்றைக் கீறி உள்ளே பெல்லட்டைச் செருகிக் கொடுத்தேன். இறாலை வைத்துக்கொண்டு பெல்லட்டை மட்டும் செவுள் வழியாகப் பொடியாக ஊதிவிட்டான். பூண்டுச் சாற்றில் ஊறவைத்தும் பார்த்தேன். வீடு நாறியதுதான் மிச்சம்.

கடைசியில் பட்டினி. பெரிய அரவானா வாரக்கணக்கில் சாப்பிடாமல் தாங்கும், பசி முற்றினால் தானாக எடுக்கும் என்று எல்லோரும் சொல்வதுதானே. எட்டு நாள் போட்டேன். பசியில் மேலே வந்து அலையும் என்று பார்த்தால், பின்மூலையில் பாதி ஆழத்தில் சும்மா நின்றான். பிடிவாதக்காரன் என்று நான் பெருமை வேறு பேசிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தது என் மகள். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஹாலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவள், "ஏம்பா, இந்த ஹீட்டர்ல சிவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். ஹீட்டரை 28-இல் வைத்திருந்தேன். தண்ணீர் 28-ஐத் தொட்டால் லைட் அணைய வேண்டும். ராத்திரி முழுக்க அணையவில்லை என்றால் தொடவே இல்லை என்றுதானே அர்த்தம்! கண்ணாடியில் வெளியே ஒட்டிய பட்டை வெப்பமானி 20 காட்டிக்கொண்டுதான் இருந்தது. வெளியே ஒட்டியது, அறைக் குளிரையும் சேர்த்துக் காட்டுகிறது என்று நானே அதற்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். உள்ளே கண்ணாடி வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 22.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் தேயிலை ஃபேக்டரியில் விதரிங், அதாவது பறித்த இலையை வாடவைக்கும் வேலை, பார்ப்பவன். காற்றின் ஈரப்பதம் அறிய உலர் பல்பு, ஈர பல்பு என்று இரண்டு வெப்பமானியையும் பார்த்துப் பார்த்து எழுதுவதுதான் பிழைப்பு. வீட்டில் ஒரு வெப்பமானியை நம்பத் துப்பில்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கால்வாசித் தண்ணீர் மாற்றுவேன். குழாய்த் தண்ணீர் மார்கழியில் 12 டிகிரி. தொட்டி 28-இல் இருந்தாலும் அதைக் கலந்தால் 24-க்கு இறங்கிவிடும். 500 லிட்டரை நான்கு டிகிரி ஏற்ற, வெப்பம் துளிகூட வெளியே போகாமல் இருந்தாலே 300 வாட் ஹீட்டருக்கு எட்டு மணி நேரம் வேண்டும். எங்கள் ஹாலில் ராத்திரி 11 டிகிரி. நாலு பக்கக் கண்ணாடியும் வெப்பத்தை வாரி வெளியே இறைக்கும்போது அந்த ஒற்றை ஹீட்டர் என்ன செய்யும்? இந்த லட்சணத்தில் ஒவ்வொரு வாரமும் ஞாயிறு தண்ணீர் மாற்றிவிட்டு, "புது வாரம், புது முயற்சி" என்று திங்கட்கிழமை பெல்லட் போட்டிருக்கிறேன். வாரத்திலேயே அவன் உடம்பு மிகவும் குளிர்ந்திருக்கும் நாளில்! மீனுக்குத் தண்ணீரின் சூடுதான் உடம்புச் சூடு. குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசியே எடுக்காது. பசிக்காதவனைப் பட்டினி போட்டு என்ன பலன்?

இன்னொரு 300 வாட் ஹீட்டர் வாங்கி இரண்டு முனையிலும் ஒவ்வொன்றாக வைத்தேன். பின்பக்கமும் இரு ஓரமும் தெர்மோகோல் அட்டை. மூடியில் இருந்த இடைவெளியையும் அடைத்தேன். நாளுக்கு ஒரு டிகிரியாக ஏற்றி 28-இல் நிறுத்தினேன். இப்போது மாற்றுகிற தண்ணீரைச் சுடுதண்ணீர் கலந்து விளாவித்தான் ஊற்றுகிறேன், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. மனைவி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

நான்காம் நாளே மேலே வந்துவிட்டான். பெல்லட்டை எடுக்கவில்லை, ஆனால் கை அசைந்தால் கூடவே வந்தான். முதலில் இறாலைப் பெல்லட் அளவுக்கு நறுக்கி ஒவ்வொன்றாகப் போட்டேன். ஐந்து துண்டுக்கு நடுவே இறால் கழுவிய தண்ணீரில் ஒரு நிமிஷம் ஊறிய பெல்லட் ஒன்று. ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் போட்டால் அது உருண்டு ஓடும். அசையாமல் மிதப்பதைவிட ஓடுவதைத்தான் இவன் துரத்துகிறான். பெரிய லைட்டை அணைத்துவிட்டு ஹால் வெளிச்சத்தில் மட்டும். பத்து நாள் துப்பினான், ஆனால் துப்பியதைத் திரும்ப வந்து மோந்தான். பதினோராம் நாள் இரண்டு மெல்லு, மூன்று மெல்லு, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. செவுளிலிருந்து கொஞ்சம் தூள் வந்தது. அவ்வளவுதான். நான் அசையாமல் நின்றேன், இன்னும் துப்புவான் என்று. துப்பவில்லை.

இப்போது நாளுக்கு எட்டுக் குச்சி. ஞாயிற்றுக்கிழமை ஒரு இறால். உங்கள் வீட்டில் எப்படி?

கோத்தகிரியிலிருந்து

அண்ணா, உங்கள் வீட்டில் வில்லன் ஹீட்டர், எங்கள் வீட்டில் அம்மா. நான் ஒரு வாரமாகப் பட்டினி போட்டுக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தால், மீன் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. நான் வேலைக்குப் போனதும் அம்மா தோட்டத்து ஓரத்தில் வெட்டுக்கிளி பிடித்து வந்து போட்டிருக்கிறார். "வாயில்லாத ஜீவனைப் பட்டினி போடுறியே, உனக்கு மனசு வருதா?" என்று திருப்பி எனக்கே திட்டு. எனக்குப் பயம் பட்டினியைப் பற்றி இல்லை. அது தேயிலைக் காடு, மருந்தடித்த மறுநாள் பிடித்த பூச்சியாக இருந்தால் மீன் என்ன ஆவது? அதைச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். அதோடு விடாமல் பெல்லட் போடும் வேலையையே அவரிடம் கொடுத்துவிட்டேன். வெட்டுக்கிளியோடு வந்த அதே கை பெல்லட்டோடு வந்ததும் மூன்று வாரத்தில் எடுத்துக்கொண்டது. நான் போட்டால் இன்றைக்கும் யோசிக்கிறது.

ஊட்டியிலிருந்து

தம்பி, 11 டிகிரி எல்லாம் எங்களுக்கு வசந்த காலம். தை மாதம் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நாளில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? எனக்குப் போனது. மூன்றடித் தொட்டி, ஆறு அங்குலக் குட்டி. கம்பளி இரண்டைத் தொட்டியைச் சுற்றிக் கட்டி, ஒரு லிட்டர் பாட்டில்களில் கேஸ் அடுப்பில் காய்ச்சிய தண்ணீர் ஊற்றி மூடி மிதக்கவிட்டேன். நான்கு பாட்டிலுக்கு ஒரு டிகிரி ஏறும், அவ்வளவுதான். ஆனால் இறங்காமல் நிற்கும். காலை ஆறு மணி வரை பாட்டில் மாற்றினேன். மீன் பிழைத்தது. அதற்கு முன் பெல்லட் தின்றுகொண்டிருந்தது, அதன் பிறகு மூன்று வாரம் இறாலைக்கூடத் தொடவில்லை. மறுபடி முதலிலிருந்து பழக்கினேன். ஒன்று சொல்கிறேன்: குட்டி மீன் வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டினி வைத்தியத்தைக் கையில் எடுக்காதீர்கள். பெரிய மீன் தாங்கும், குட்டிக்கு இரண்டு மூன்று நாளே அதிகம்.

கொடைக்கானலிலிருந்து

என் மீனுக்குப் பாடம் எடுத்தது நான் இல்லை, நான்கு சில்வர் டாலர் மீன்கள். அதே தொட்டியில் விட்டேன். பெல்லட் விழுந்த வேகத்தில் அவை கொத்திக்கொண்டு போவதை இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது. மூன்றாம் நாள் போட்டிக்கு வந்துவிட்டது. சின்ன மீனாக இருந்தால் அவையே இரையாகிவிடும், வாய்க்குள் போகாத அளவில் வாங்குங்கள்.

மூடி பற்றிச் சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். பெல்லட்டைக் கையில் பிடித்து அரை அடி உயரத்தில் காட்டினால் பாய்ந்து எடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்துச் செய்தேன். பாய்ந்தது. பெல்லட்டையும் என் விரலையும் விட்டுவிட்டு சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. அமேசானில் இதற்குத் தண்ணீர்க் குரங்கு என்று பேர், கிளையில் இருக்கும் பூச்சியைத் தாவிப் பிடிக்கிற ஜாதி. ஈரத் துண்டால் பிடித்து உள்ளே விட்டேன். ஏழெட்டுச் செதில் போனதோடு சரி.

கூடலூரிலிருந்து

எல்லோரும் சூடு சூடு என்கிறீர்கள். எங்கள் ஊர் உங்களைவிட நல்ல கீழே, வருஷத்தில் பாதி நாள் ஹீட்டரே போடுவதில்லை, தண்ணீர் 26-க்குக் குறையாது. என் மீன் இரண்டு வருஷமாகப் பெல்லட்டைத் துப்புகிறது. ஊறவைத்தேன், ஓடவிட்டேன், பட்டினியும் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இறாலும் மண்புழுவும் கொடுத்து வளர்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. சில மீன் அப்படித்தான் சார், விட்டுவிடலாம்.

குன்னூரிலிருந்து

கூடலூர் சார் சொல்வதை மறுக்க மாட்டேன். சூடு இருந்தால் தின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. சூடு இல்லாமல் மற்றது எதைச் செய்தும் புண்ணியமில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்தப் பெல்லட் டப்பா எப்போது வாங்கியது? கூடலூர் மழை எங்கள் மழையைவிட மோசம். என் முதல் டப்பா ஆடி மாதம் முழுக்கத் திறந்தும் மூடியும் கிடந்தது. கையில் எடுத்தால் குச்சி நமுத்துப்போய் வளைந்தது. மோந்து பார்த்தால் பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை. இப்போது சின்ன பாக்கெட்டாக வாங்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன்.

கூடலூரிலிருந்து

போன வருஷம் வாங்கினது சார். ஒரு கிலோ டப்பா, விலை குறைவாகக் கிடைத்தது. இப்போதுதான் திறந்து மோந்து பார்த்தேன்.

நாளைக்கு வேறு வாங்கிவிட்டுச் சொல்கிறேன்.